புல எண்

நீடாமங்கலம், உரக்கடை மாடி.
மூன்றாம் நாளாக இதே வேலை:
கொள்முதல் நிலையத்துக்கு ஒருவர் கொண்டுவரும் நெல்லை
மொழிக்கு எப்படிச் சொல்வது.

பெயர், புல எண், ரகம், ஈரப்பதம், சிப்பம்.
ஐந்தே புலம்.
கணினியிலும் அதற்குப் பெயர் புலம்தான்,
உழாதது.

முதலில் அடைப்புக்குறிக்குள் வரிசையாக வைத்தேன்.
இருக்கும் இடம்தான் பெயர்.
பந்தி இலையில் உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே என்று
யாரும் எழுதி ஒட்டுவதில்லையே.
தையல்நாயகியின் நெல்லில்
அறுபத்திரண்டு சதவீதம் ஈரம்,
மொத்தம் பதினாறு சிப்பம்
என்று அச்சடித்து நீட்டியது இயந்திரம்.
"இது நெல்லா, கெண்டை மீனா?" என்றார்
பில் எழுதும் உத்திராபதி.

பிறகு அகராதி.
ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர்ச்சீட்டு,
எந்த வரிசையில் கொட்டினாலும் சரி.
காலையில் வந்த பையன் 'ஈரம்' என்று உள்ளே போட்டான்.
மாலையில் நான் 'ஈரப்பதம்' என்று தேடினேன்.
இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டு
வாயே திறக்கவில்லை அது.
கோணிச்சாக்கு மாதிரி,
கல்லைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.

சரி, வகுப்பு ஒன்று கட்டுவோம்.
தன் பெயர் என்பது தந்த பெயர்,
தன் ரகம் என்பது தந்த ரகம்,
புரோகிதர் சொல்லச் சொல்ல
மாப்பிள்ளை திருப்பிச் சொல்வதைப்போல
ஐந்து முறை.
கடைசியில் ஆறாவதாக, குறிப்புகளுக்கு ஒரு வெற்றுப் பட்டியல்.
தையல்நாயகியின் குறிப்பில் 'நனைந்தது' என்று எழுதினேன்.
இருநூற்றுப் பதினோரு பேர் நெல்லும் நனைந்தது.
அத்தனை பேருக்கும் நான் கொடுத்திருந்தது
ஒரே பட்டியல்.
வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

நான்காவது வழி சுருக்கமானது.
தலைக்கு மேல் ஒரு வரி,
கீழே பெயரும் வகையும் மட்டும்.
மிச்சத்தை மொழியே எழுதிக்கொள்ளும்.
பொதுவில் பட்டியல் வைத்தால் வையும்:
ஆளுக்கொன்று புதிதாகச் செய்துகொடு.
செய்தேன்.
அப்படியே உறையவும் வைத்தேன்,
எழுதியபின் எவரும் கை வைக்கக் கூடாதென்று.

இரண்டு பக்கிரிசாமிகள்.
பெரியப்பா மகன், சித்தப்பா மகன்,
இருவருக்கும் தாத்தா பெயர்.
கூட்டுப் பட்டா, ஒரே புல எண்,
ஒரே ரகம், ஈரம் பதினாறு, நாற்பது சிப்பம்.
ஐந்தும் பொருந்துவதால்
இருவரும் ஒருவரே என்றது மொழி.
ஒருவருக்குத்தான் பணம் என்றது.
வரிசையில் பின்னால் நின்ற பக்கிரிசாமி
சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்,
தான் இருக்கிறோமா என்று.

டோக்கன் எண் சேர்த்தேன். இரண்டு பேரானார்கள்.

அன்று ராத்திரி மாசி மழை.
யாரும் கேட்காத மழை.
தார்ப்பாய் போதவில்லை. கோரையாற்றுக் காற்று
இருந்ததையும் உருவிக்கொண்டு போனது.
விடிந்ததும் ஒவ்வொரு குறிப்பிலும்
தனித்தனியாக, கை வலிக்க எழுதினேன்:
நனைந்தது. நனைந்தது. நனைந்தது.
இந்தத் தடவை பிழை எதுவும் இல்லை.
அச்சிட்டால்
அன்றைக்கு வந்த அதே தாள்.

உறைந்த பதிவில் ஈரத்தை மாற்ற முடியாது.
அதைப் பார்த்து இன்னொன்று எழுதலாம்,
ஒரு புலம் மட்டும் வேறாக.
ஆக ஆளுக்கு இரண்டு பதிவு:
டோக்கன் வாங்கிய அன்று பதினாறு.
இன்று இருபத்துமூன்று.
பதினேழுக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள்.

"எதை அனுப்ப?" என்றார் உத்திராபதி,
என் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டும் ஒன்றா என்று மொழியைக் கேட்டேன்.
இல்லை என்றது.
சரியாகத்தான் சொன்னது.
கீழே படியில் செருப்பை உதறும் சத்தம்.
பக்கிரிசாமிகள், இருவரும்.